பெட்ராவின் பாம்பும் செங்கேணியின் சுறாவும்

போன வாரம் மாமல்லபுரத்தில் நான் ஒரு சங்கு விற்றேன்.

நம்புங்கள்! கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் அளவுக் கருவிகளோடு மல்லுக்கட்டும் நானேதான்.

ஞாயிற்றுக்கிழமை. ரதங்களின் நிழலில் உட்கார்ந்து லைப்ரரிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். ஜோர்டான் பாலைவனத்தில் மலையையே குடைந்து நகரம் எழுப்பிய நபட்டேயர்களைப் பற்றி. நகரின் பெயர் பெட்ரா. வழக்கம்போல் மனசுக்குள் பட்டியல் போட்டேன். ஒன்று, நம் ரதங்களைப் போலவே உச்சியில் தொடங்கிக் கீழே செதுக்கி வந்திருக்கிறார்கள். இரண்டு, எப்போதோ பெய்யும் மழையைப் பாறையில் வாய்க்கால் வெட்டிச் சேமித்தார்கள். மூன்றுதான் பிரமாதம். ஒட்டகத்தில் சாம்பிராணி கொண்டுபோய் விற்ற அந்தப் பக்கத்து வியாபாரிகள், 'சாம்பிராணி மரங்களை இறக்கை முளைத்த பாம்புகள் காவல் காக்கின்றன' என்று கதை கட்டிவிட்டார்களாம். விலையும் ஏறும், போட்டிக்கும் எவனும் வரமாட்டான்!

என்ன மூளை... என்று நான் வியந்துகொண்டிருந்தபோதே ஒரு குரல்.

"யம்மா, இங்கிலீசு! கொஞ்சம் வாயேன்!"

சங்குக் கடை செங்கேணியக்கா. அவள் கடையிலேயே பெரிய சங்கை ஒரு வெள்ளைக்கார அம்மாள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீசன் முழுக்க விலைபோகாத சங்கு. அது போனால்தான் செங்கேணியின் மகளுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு.

"இன்னிக்கும் அதை வூட்டுக்குத்தான் தூக்கினு போவப் போற" என்றாள் பக்கத்துக் கடை முனியம்மா.

"இது எங்கே கிடைத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் அந்த அம்மாள். செங்கேணிக்குத் தமிழில் சொன்னேன்.

"எங்க வூட்டுக்காரரு முழுகி எட்த்தாருன்னு சொல்லு. சுத்தி சுறா! அப்பவும் வுடலன்னு சொல்லு!"

வீட்டுக்காரர் எதிர் டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு மேல் கடலில் நனையாத மனிதர். சங்கு வந்ததோ ராமநாதபுரத்திலிருந்து, சாக்கு மூட்டையில். சீசன் தொடக்கத்தில் நான் வந்த பஸ்ஸில், என் காலடியில்தான் வந்தது!

ஆனால்... பெட்ராக்காரன் சொன்னால் வியாபார மூளை, செங்கேணி சொன்னால் பொய்யா?

அந்த அம்மாளிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூட்டை, சுறா, இறக்கைப் பாம்பு — வரிசையாக.

"இன்னாம்மா இவ்ளோ நேரம் பேசற? நான் ஒரு சுறாதானே சொன்னேன்?" செங்கேணி என் முழங்கையை இடித்தாள்.

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சுறாவை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள். ஊருக்குப் போய் நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன்!"

சங்கு அவள் பைக்குள் போனது.

"பாத்தியாடி முனியம்மா! சுறான்னதும் எட்த்துகிச்சு!"

மூட்டை விஷயத்தை நான் போட்டுடைத்ததைச் செங்கேணியிடம் சொல்லவில்லை. எதற்கு?

நேற்று அந்தப் பக்கம் மறுபடி போனேன். முனியம்மா கடைச் சங்குக்கு இரண்டு சுறா!