முச்சந்தியில் விழுந்த பிளாஸ்டிக் பூசணிக்காய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒக்டோபர் மாதக் கடைசி வாரம். நிவித்திகல டவுனுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்துப் பெரிய பங்களாவில் ஒரு காலத்தில் துரைமார் குடியிருந்தார்கள். இப்போது அது வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகும் விடுதி. அறைகளைக் கூட்டுவது, படுக்கை விரிப்பது, மேசையில் பூ வைப்பது எல்லாம் என் வேலை. அதற்கு முன்பு நானும் கொழுந்து பறித்தவள்தான். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பங்களாவுக்குப் போனதில் ஒருவருக்கு மட்டும் என் மேல் தீராத கோபம். என் கணவரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான அதே லயத்தில் நான்கு வீடு தள்ளி இருக்கிறார். தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால், "துரைசாணி வர்றாங்க, வழி விடுங்கடி" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வார். என்னிடம் நேராகப் பேசி மாதக் கணக்காகி இருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

அந்த வாரம் கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் கூட்டமாக வந்து தங்குவதாக ஏற்பாடு. அவர்களுக்கு ஹாலோவீன் கொண்டாட வேண்டுமாம், பூசணிக்காயில் பேய் முகம் வைத்து விளக்கேற்றும் வெள்ளைக்காரப் பண்டிகை. எங்கள் மெனேஜர் சின்ன வயதுப் பையன், எதற்கெடுத்தாலும் உற்சாகம். ஒரு பெரிய அட்டைப் பெட்டி நிறைய பிளாஸ்டிக் பூசணிக்காய்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பிள்ளைகள் இனிப்பு வாங்கிப் போடும் வாளி போல, மேலே திறந்து, கைபிடியோடு இருந்தன. ஒரே ஆரஞ்சு நிறம். கண், மூக்கு, பல் எல்லாம் கறுப்பு மையால் வரைந்தது. மலிவுச் சாமான் என்று தொட்டவுடனே தெரிந்தது, விரலால் அழுத்தினால் நசுங்கியது. வெளிச்சம் எதுவும் அதில் இல்லை. "அக்கா, இதுகளுக்குள்ள லைட் போட்டு, பங்களாவிலிருந்து கீழே சந்தி வரைக்கும் மதில் மேலே வைக்கணும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்படி என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

எனக்கு இந்த மாதிரி வேலை பிடிக்கும். கோயில் திருவிழாவில் தேரைச் சோடித்து அலங்கரிப்பதிலும், புத்தர் பண்டிகையான வெசாக் மாதத்தில் பங்களா வாசலில் கடதாசி வெளிச்சக் கூடு கட்டுவதிலும் என் கை இருக்கும். முதலில் ஒரு பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மூக்கு உருகி வாயில் வழிந்திருந்தது. சமையலறை முழுக்க நாற்றம். சமையல்காரர் என்னை விரட்டாத குறை.

அப்புறம் வெசாக்குக்குப் போட்ட சீரியல் பல்புகள் ஸ்டோர் ரூமில் கிடப்பது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பூசணிக்காயின் பின்பக்கத்திலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு, பல்புகளைக் கொத்தாக உள்ளே விட்டேன். சும்மா விட்டால் பிளாஸ்டிக்கின் வழியே பல்புகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. முகம் எரிகிற மாதிரி இல்லை. அதனால் வெசாக் கூடு ஒட்டி மிஞ்சிய சிவப்பு மெல்லிய கடதாசியைப் பல்புகளைச் சுற்றி வைத்தேன். இப்போது உள்ளே முழுவதும் ஒரே தணலாகத் தெரிந்தது. கறுப்புக் கண்ணும் பல்லும் மட்டும் இருட்டாக நின்றன. நல்ல பயமுறுத்தும் முகம். மழைத் தண்ணீர் தேங்காமல் அடியிலும் ஓட்டை போட்டேன், காற்றுக்குப் பறக்காமல் உள்ளே கல் வைத்தேன். எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.

மின்சாரம் எடுத்தது வாசல் காவற்காரரின் அறையிலிருந்து. ஒரு செட்டின் நுனியில் அடுத்த செட்டைச் செருகி, செருகிய இடங்களில் டேப் சுற்றி, மதில் மேல் வரிசையாகக் கொண்டுபோனேன். கடைசிப் பூசணிக்காய் சந்தியில் நின்றது. பங்களா பாதையும் லயத்துப் பாதையும் கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோருக்குப் போகும் றோட்டும் சேரும் முச்சந்தி அது. வண்டிகள் திரும்ப வேண்டிய இடம் தெரியட்டும் என்று மெனேஜர் குறிப்பாகக் கேட்டிருந்தார்.

விருந்தினர் வருவதற்கு முந்திய நாள் சாயங்காலம் எரியவிட்டுப் பார்த்தேன். வரிசையாக அத்தனை முகமும் எரிந்தன. நானே கையைத் தட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்தது. எங்கள் பக்கத்தில் அந்த மாதத்தில் பின்நேர மழை வராத நாள்தான் அதிசயம். முதலில் பெரிய காற்று, பிறகு இடி, பிறகு மழை. இடிக்குப் பயந்து சுவிட்சை அணைத்துவிட்டேன். மழை தூறலாகக் குறைந்ததும் திரும்பப் போட்டேன். எல்லாம் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே பாதையில் இறங்கினேன்.

கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வீட்டுக்குத் திரும்பும் நேரம். இன்னும் இருட்டுகிற நேரம் ஆகவில்லை, மழையால் வானம் இருண்டு கிடந்தது. சந்திக்குப் போனால், அங்கே ஒரு கூட்டம். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கும் தலையில் றப்பர் சீட்டுமாகப் பத்துப் பதினைந்து பெண்கள், வெறுங்கூடைகளோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் சந்தியைக் கடக்கவில்லை.

காரணம் என்னுடைய கடைசிப் பூசணிக்காய். காற்று அதை மதிலிலிருந்து தள்ளிவிட்டிருந்தது. விழுந்த வேகத்தில் ஒரு பக்கம் பிளந்து, முச்சந்தியின் நடுவில் தேங்கிய தண்ணீரில் கிடந்தது. வரைந்த முகம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வைத்த கடதாசியின் சாயம் கரைந்து சுற்றிலும் தண்ணீர் சிவப்பாகி இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஆயுத பூஜை முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு ஸ்டோர் வாசலிலும் லொறிகளுக்கு முன்னாலும் குங்குமம் கலந்து பூசணிக்காய் உடைத்தார்கள். வீடுகளில் திருஷ்டிக்குக் கட்டுகிற பூசணிக்காய்க்கு முகம் வரைவதும் உண்டு. திருஷ்டியோ தோஷமோ கழித்து முச்சந்தியில் போட்டதை யாரும் மிதிக்க மாட்டார்கள், தாண்ட மாட்டார்கள், தொடவே மாட்டார்கள். மிதித்தால் அடுத்தவன் பீடை நம் காலோடு வீட்டுக்கு வந்துவிடும். பூஜை இல்லாத நாளில், காய்க்கு முகமும் வரைந்து, சிவப்புத் தண்ணீரோடு கிடந்தால் யார் என்ன நினைப்பார்கள்? யாரோ யாருக்கோ செய்வினை செய்து போட்டிருக்கிறார்கள் என்று முடிவாகிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. மேலே மதிலில் மற்றதெல்லாம் ஜோராக எரிந்துகொண்டிருக்கிறது, இது ஒன்று மட்டும் அணைந்து கிடக்கிறது. இணைப்புக் கழன்றுவிட்டது, அணைந்ததில் கரண்ட் இருக்காது என்பது என் கணக்கு. "ஐயோ, இது பிளாஸ்டிக்குங்க. நான்தான் வச்சேன். தள்ளுங்க, எடுத்துப் போடுறேன்" என்று சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தண்ணீரில் கால் வைக்கப் போனேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அப்படியொரு பிடி. திரும்பிப் பார்த்தால் மதினி.

"தொடாத புள்ள."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் சின்னப்பிள்ளை மாதிரி கையைப் பிடித்து இழுத்தால் யாருக்குத்தான் வராது? "விடுங்க மதினி. விடிஞ்சா ஆளுங்க வர்றாங்க, இத வச்சிக்கிட்டு என்னைய நிக்கச் சொல்றீங்களா?" என்று உதறினேன். அவர் விடவில்லை. "எந்த ஆளு வந்தா என்ன? என் தம்பி பொண்டாட்டி இதத் தொடக்கூடாது" என்றார். நான் இழுக்க, அவர் இழுக்க, அவர் தலையில் இருந்த றப்பர் சீட்டு விழுந்து, இரண்டு பேரும் மழையில் நனைந்தோம். மற்றப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். இந்தச் சண்டையை எவ்வளவு நாளாக எதிர்பார்த்திருந்தார்களோ.

அப்போதுதான் றோட்டோரத் தண்ணீர்க் கானுப் பக்கமிருந்து ஒரு தவளை தத்தித் தத்தி வந்தது. மழை விட்டால் எங்கள் றோட்டில் அதுகள் வருவது சாதாரணம். ஒரு தாவு தாவித் தண்ணீருக்குள் பூசணிக்காய்ப் பக்கமாக விழுந்தது. விழுந்த தவளை கால்கள் நான்கையும் விறைப்பாக நீட்டியது. ஒரு முறை துடித்தது. பிறகு வெள்ளை வயிறு மேலே தெரிய அப்படியே மிதந்தது.

ஒரு பெண் "முனியப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் செய்வினையைப் பார்த்தார்கள். எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. மதிலிலிருந்து ஒரு வயர் தொங்கி, அதன் நுனி தண்ணீருக்குள் போயிருந்தது. நான் டேப் சுற்றிய இடத்தில் பிய்ந்திருந்தது. பூசணிக்காய் பக்கம் இருந்த துண்டில்தான் கரண்ட் இல்லை. மேலே எரிந்துகொண்டிருந்த வரிசையின் நுனி தண்ணீருக்குள் உயிரோடு கிடந்தது. என் கால் அந்தத் தண்ணீருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

மதினியிடம், "ஒருத்தரையும் இதுக்குள்ள விடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, காவற்காரர் அறைக்கு மேட்டுப் பாதையில் ஓடினேன். ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். ஸ்டோரிலிருந்து ஒரு ஆட்டோ வந்துகொண்டிருந்தது. மதினி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடு றோட்டில் நின்றார். ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். மதினி அசையவில்லை. காவற்காரர் நான் கத்திய கத்தலில் பயந்துபோய், என்ன ஏது என்று கேட்காமலே பிளக்கைப் பிடுங்கினார். மதில் மேல் இருந்த முகங்கள் எல்லாம் ஒன்றாக இருண்டன.

அடுத்த நாள் காலை எலக்ட்ரீசியன் வந்து பார்த்தார். காவற்காரர் அறைக்குப் போவது பங்களாவின் பழைய லைனாம். அதற்கு ட்ரிப் சுவிட்சே இல்லை, யார் தொட்டிருந்தாலும் தானாக அணைந்திருக்காது என்றார். சீரியல் பல்பு உள்வீட்டுக்கு, மழையில் போடவே கூடாது என்றும் சொன்னார். மெனேஜர் வெளுத்துப்போய், ஹாலோவீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். நான்தான் விடவில்லை. நிவித்திகல டவுனுக்குப் போய், சாமி படத்துக்கு முன்னால் வைக்கிற சின்ன பேட்டரி விளக்குகளை ஃபேன்சி கடையில் வாங்கி வந்தேன். பூசணிக்காய்க்கு ஒரு விளக்கு, மழைக்கு மேல் வாயை மூடிக் கட்ட ஒரு பொலித்தீன். வயரும் இல்லை, பயமும் இல்லை. உண்மையைச் சொன்னால் முந்தியதைவிட அழகாகவே இருந்தது. வந்தவர்கள் ஆளுக்கு ஆள் படம் எடுத்துக்கொண்டார்கள். சந்தியில் மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. அவர்கள் வண்டி வழி தவறி ஸ்டோர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது வேறு கதை.

அவர்கள் போன பிறகு மதினி வீட்டுக்குப் போனேன். அந்த வாசலை மிதித்து எவ்வளவோ நாள். தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். நடந்ததை விளக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. கடதாசிச் சாயம், பிய்ந்த வயர், தண்ணீரில் கரண்ட் பாய்ந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். "அது செய்வினை இல்ல மதினி. கரண்ட்."

அவர் உரலை அழுத்துவதை நிறுத்தவில்லை. "கண்ணுக்குத் தெரியாது. தொட்டா ஆளத் தூக்கிரும். அப்படித்தானே?"

"ஆமா."

"நானும் அதத்தானே சொன்னேன்" என்றார். பிறகு எண்ணெய்ச் சட்டியிலிருந்து முதல் முறுக்கை எடுத்து, உப்பு சரியா பார் என்று என் கையில் வைத்தார். உப்புக் கொஞ்சம் கூடத்தான். சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அழுகை வந்தது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

என் மணிக்கட்டில் அவருடைய விரல்கள் பதிந்த இடம் கன்றிப்போய் வெகு நாள் இருந்தது. வருடா வருடம் அந்தப் பூசணிக்காய்களைத் துடைத்துப் பேட்டரி விளக்கு வைக்கும்போது, என்னை அறியாமல் அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பேன். செய்வினையில் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் இப்போதெல்லாம் யாராவது என் கையைப் பிடித்து நிறுத்தினால், முதலில் நின்றுவிடுகிறேன். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.