பிளாஸ்க் மூடியின் கைப்பிடி

லேபிள் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று அவளைப் போலத் தெரிந்தவர் அந்த ஸ்டுடியோவில் ஒருவரும் இல்லை. சோப்பு, பிஸ்கட் டப்பா, பேனா, வானொலிப் பெட்டி என்று கம்பெனிக்காரர்கள் படத்தில் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்புகிற சாமான்களையெல்லாம் மேஜையில் வைத்து, துடைத்து, பெயர் கேமராவைப் பார்க்கும்படி திருப்பி வைப்பதுதான் அவள் வேலை. நடிகர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஏனோதானோவென்று வைத்துவிட்டுப் போவார். ஓடிப்போய்த் திருப்புவாள். அடுத்த ஷாட். மறுபடி ஓடுவாள். அவளுக்கு அந்தப் பெயர்கள் எழுத்து இல்லை, உருவம். ஒரு பெயர் இரண்டு மேடும் ஒரு கொக்கியும், இன்னொன்று வால் நீண்ட எலி.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. சமையலறை அலமாரியில் டப்பாக்கள் வகுப்புப் படத்துக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நிற்கும். தச்சர் வேண்டுமென்றே ஒன்றை முதுகு காட்டித் திருப்பி வைத்துவிட்டு, அவள் எப்போது கண்டுபிடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். தச்சர் என்றால் அவள் புருஷன். அதே ஸ்டுடியோவில் செட்டு போடுகிறவர். அரண்மனை என்றாலும் சிறைச்சாலை என்றாலும் அவருக்கு ஒட்டுப்பலகைதான்.

அவளுடைய வலது மணிக்கட்டு ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து முறிந்தது. கட்டுப் போட்டார்கள், கூடியது, ஆனால் முழுக்க மடங்காது. அன்றிலிருந்து அவள் டீ குடிப்பது இடது கையால். அன்றிலிருந்துதான் தச்சருக்கும் ஒரு பழக்கம் வந்தது. எதிரே உட்கார்ந்து டீயை ஊற்றுவார், கப்பை வைப்பார், பிறகு இரண்டு விரலால் மெல்லக் கைப்பிடியை அவள் இடது கைப்பக்கம் திருப்பிவிடுவார். சண்டை போட்டு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிற நாளிலும் அந்தத் திருப்பல் மட்டும் நடந்துவிடும்.

கிரகம் விட்டுக் கிரகம் போகிற ஆகாயக் கப்பல் படம் ஒன்று எடுத்த வருஷத்துக் கதை இது. ஊர்ப்பட்ட செலவு. கப்பலின் உள்பக்கம் முழுக்கத் தச்சர் கட்டியது. ஒரு பிளாஸ்க் கம்பெனி தன் பிளாஸ்க்கைக் கதாநாயகன் கையில் காட்டச் சொல்லியிருந்தது. எல்லாம் எடுத்து முடித்த பிறகு அந்தக் கம்பெனி ஆள் வந்து, பிளாஸ்க் கிட்டத்தில் தெரியவே இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றார். கதாநாயகனோ வேறு படத்துக்குப் போயாயிற்று. கை மட்டும்தானே தெரியப்போகிறது என்று அவர் கை அளவுக்கு ஆள் தேடினார்கள். தச்சர் கை பொருந்திற்று.

நகத்துக்குள் மரத்தூள். லேபிள் அக்கா பிரஷ்ஷும் சோப்பும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இந்தக் கை இவ்வளவு சுத்தமா இல்லைங்க."

"அன்னைக்கு நீ தேய்க்கலயே," என்றார் தச்சர்.

கட்டைவிரல் நகம் சுத்தியல் பட்டுக் கறுத்திருந்தது. அதற்கு மட்டும் பவுடர் பூசினாள்.

ஷாட் இவ்வளவுதான்: கப்பலில் தனியாக மிச்சமாகிவிட்ட மனிதன் பிளாஸ்க்கிலிருந்து மூடியில் டீ ஊற்றி மேஜையில் வைக்கிறான். மூடிதான் கப், அதற்கு ஒரு சின்னக் கைப்பிடி, மூடியிலும் கம்பெனி பெயர். தச்சர் ஊற்றினார், வைத்தார். வைத்த கை போகவில்லை. இரண்டு விரலால் கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டது. மூடியிலிருந்த பெயர் பாதி மறைந்துபோயிற்று.

கம்பெனி ஆள் கத்தினார். லேபிள் அக்காவும் திருப்பி வைக்க ஓடினாள். டைரக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டார். எதிரே ஆளே இல்லாத இடத்தில் யாருக்கு வைக்கிறான் என்று தோன்றுகிறது பார், இது இருக்கட்டும் என்றார். பக்கத்தில் பிளாஸ்க்கின் மேல் பெயர் முழுசாகத் தெரிந்ததால் கம்பெனி ஆளும் அடங்கினார். தச்சருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. நான் என்ன செய்தேன் என்று வீடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். அவள் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாளிலிருந்து அது தெரிந்து செய்கிற காரியமாகிவிடும் என்று பயந்தாள்.

படம் வெளிவருவதற்கு முன்பே தச்சர் போய்விட்டார். வேலையிலிருந்து வந்தவர் மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் அவர் படம் ஒன்றே ஒன்று, கல்யாணப் படம். அதிலும் கை நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டது.

படம் ஓடு ஓடென்று ஓடியது. ஊரே பார்த்தது. லேபிள் அக்காவுக்குக் கதை கடைசிவரைக்கும் புரியவில்லை. எந்தக் கிரகம், ஏன் போனார்கள், ஏன் திரும்பவில்லை, எதுவும் தெரியாது. கப்பலில் சிவப்பு விளக்கு மூன்று முறை மினுக்கினால் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டும், அது தெரியும். பிறகு கை வரும். கறுத்த நகம், பவுடர் பூசியும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஊற்றும், வைக்கும், திருப்பும். நான்கு வினாடி. எழுந்து வந்துவிடுவாள். கொஞ்ச நாளில் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் அவளைப் பார்த்ததும், "இன்னும் கால் மணி நேரம் இருக்குக்கா, உக்காருங்க," என்று ஸ்டூலை நகர்த்திவிடுகிற அளவுக்குப் பழக்கமாயிற்று.

படம் தியேட்டரை விட்டுப் போனது. ஏதாவது ஒரு சின்னக் கொட்டகையில் வருஷத்துக்கு ஒருமுறை போடுவார்கள். இரண்டு பஸ் மாறியாவது போவாள். மகள் முதலில் தடுத்துப் பார்த்தாள், பிறகு பஸ் நேரம் விசாரித்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

எட்டு வருஷம் கழித்துப் படத்தை மறுபடி பெரிதாக வெளியிடப் போகிறார்கள் என்று ஸ்டுடியோவில் பேச்சு வந்தபோது அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்துத் தெருத் தியேட்டரிலேயே வரும். மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மறுநாள் அவளையே கூப்பிட்டனுப்பினார்கள். அந்த மேஜையில் எது எங்கே இருந்தது என்று அவளுக்குத்தானே தெரியும்.

அங்கே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. பிளாஸ்க் கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. இப்போது ஒரு தண்ணீர் பாட்டில் கம்பெனி வந்திருக்கிறது. பிளாஸ்க் வருகிற அந்த ஒரு கிட்டத்து ஷாட்டை வெட்டிவிட்டு, பாட்டிலை வைத்துப் புதிதாக எடுத்து ஒட்டப்போகிறார்கள். பழைய பிரதிகளையெல்லாம் கொட்டகைகளிலிருந்து திரும்ப வாங்கி அழித்துவிட வேண்டும், ஒப்பந்தத்தில் அப்படி. கைக்கு ஒருத்தர் வந்திருந்தார். கைக்கடிகார விளம்பரங்களில் வருகிற கை. இரண்டு கையிலும் வெள்ளை உறை. கதவைக்கூட முழங்கையால்தான் தள்ளினார்.

லேபிள் அக்கா பாட்டில் கம்பெனி ஆளிடம் போனாள். "பழைய கையை விட்டுட்டு பாட்டிலை மட்டும் மாத்த முடியாதுங்களா?"

"எப்படிம்மா முடியும்? கை அதைத்தானே புடிச்சிருக்கு?"

"அது என் வீட்டுக்காரர் கைங்க."

அவர் நல்ல மனிதர்தான். தெரியாமல் போயிற்றே என்றும், தன் கையில் ஒன்றும் இல்லை என்றும், மனசு கஷ்டமாக இருந்தால் வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம், வீட்டுக்குப் போங்கள் என்றும் சொன்னார்.

அவள் போகவில்லை. கிடங்கிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த மேஜை தச்சர் செய்தது. அதில் இன்னொருத்தர் கோணலாகச் சாமான் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது. அதோடு மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கை போனால் போகட்டும், அந்தத் திருப்பலையாவது இருக்க வைத்துவிடலாம். உறைக்காரரிடம் தனியாகச் சொன்னாள். "தம்பி, வச்ச பிறகு கைப்பிடியை ரெண்டு விரலால எதிர்ப்பக்கம் திருப்பிடுங்க. பழைய படத்துல அப்படித்தான்."

அவர் தலையாட்டினார். பெட்டியைப் பிரித்து பாட்டிலை வெளியே எடுத்தார்கள். நீளமாக, வழவழவென்று இருந்தது. வாய் வைத்துக் குடிப்பது. கப் இல்லை. கைப்பிடியும் இல்லை.

உறைக்காரர் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எதைத் திருப்பணும்கா?"

"ஒண்ணும் இல்லை தம்பி. நேரா வைங்க, போதும்," என்றாள்.

துணியை எடுத்து பாட்டிலைத் துடைத்தாள். பெயரைக் கேமராவுக்கு நேராக வைத்தாள். மயிரிழைகூடக் கோணல் இல்லை. முதல் டேக்கிலேயே ஓகே ஆயிற்று. பாட்டில் கம்பெனி ஆள் மட்டும் கை தட்டத் தூக்கி, அவளைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

அங்கிருந்து நேரே எடிட்டர் அறைக்குப் போனாள். வெட்டுகிற துண்டைக் கொடுங்கள் என்றாள். கொடுக்கக் கூடாது என்று எடிட்டர் சொன்னார். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சாப்பிடப் போய்விட்டு வந்தார், அவள் இருந்தாள். விளக்கை அணைத்தார், அப்போதும் இருந்தாள். கடைசியில் ஒரு பிரதியிலிருந்து வெட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

"இதுல தொண்ணூத்தாறு குட்டிப் படம் இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

மறுநாள் காலை வெயில் ஏறியதும் ஜன்னலுக்குப் பக்கத்தில் அதைப் பிரித்தாள். நீளம் ஒரு ஆள் உயரம் இருந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நகத்தளவு நகத்தளவாகக் கை. எல்லாவற்றிலும் கை. கறுத்த நகம் ஒரு புள்ளி. முதல் படத்தில் கைப்பிடி அவர் பக்கம் இருந்தது, கடைசிப் படத்தில் எதிர்ப்பக்கம் இருந்தது. நடுவில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். விரல் கைப்பிடி மேல் அசையாமல் இருந்தது. அடுத்ததிலும் அசையாமல் இருந்தது. திருப்புகிறதை மட்டும் காணவில்லை.

ஜன்னலுக்கு முன்னால் வேகமாக இழுத்துப் பார்த்தாள். மடங்காத மணிக்கட்டில் சிக்கிச் சிக்கி நின்றது. மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"என்னம்மா பண்றே?"

"அப்பா கைப்பிடியைத் திருப்புவாரே, அதைப் பாக்கறேன்."

மகள் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டாள். மேலிருந்து அவள் விட, மகள் சரசரவென்று இழுத்தாள்.

"இப்பத் தெரிஞ்சுதா?"

"இல்ல. கலங்கலாப் போகுது."

மெதுவாக இழுத்தாள். "இப்ப?"

"இப்ப கை அப்படியே நிக்குது."

மகள் துண்டை மேலே தூக்கிக் கொடுத்தாள். "சரி, இன்னொரு தடவை விடு."

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை விட்டாள்.