பின்வாசல் பாப்பா

"ஆரும் எழுந்துக்க வாணாம், நானே தொறந்துகினு வரேன்!"

பின்வாசல் கொக்கியை விலக்கும்போதே பாப்பா இப்படிக் குரல் கொடுத்துவிடுவார். உள்ளே இருப்பவரால் எழுந்திருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், படுத்திருப்பவருக்கும் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார். இந்த வீட்டுக்காரர் நினைத்தால் எழுந்து வந்து கதவைத் திறக்கலாம், இன்றைக்கு மட்டும் அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்ற மாதிரி. முன்வாசல் பக்கம் அவர் எட்டிப் பார்ப்பதே இல்லை. "முன்னாடி போனா சேர் போட்டு காபி குடுத்து நேரத்த ஓட்டிடுவாங்க. பின்னாடிதானே தண்ணி இருக்கு, வாளி இருக்கு!"

ஐம்பதை நெருங்கும் அம்மாளுக்குப் பாப்பா என்று பெயர். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நெய்வேலி நகரியத்தில் ஒரு சிறிய தேவாலயத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் இயங்கும் 'நேசக்கரம்' அமைப்பில் வேலை செய்கிறார். பெயர்தான் பெரிது; ஆள் என்று பார்த்தால் ஐந்தாறு பெண்களும், பாதி வழியில் நின்றுவிடும் ஒரு வேனும்தான். படுக்கையில் விழுந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கிடப்பவர்களைத் தேடிப் போய்க் குளிப்பாட்டி, புண் துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு வருவார்கள். நகரியத்து ப்ளாக்குகளுக்கும் போவார்கள், சுரங்கத்து ஓரமாக ஒப்பந்தத் தொழிலாளர்கள் குடிசை போட்டிருக்கும் இடங்களுக்கும் போவார்கள்.

காலையில் கிளம்புவதற்கு முன் எல்லாரும் வட்டமாக நின்று ஜெபம் செய்வது வழக்கம். அமைப்பை நடத்தும் சரிதா கண்ணை மூடி மனமுருகிச் சொல்வார். திருவதிகைக்காரரான பாப்பா, நெற்றியில் விபூதியோடு, தானும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "நானும் கும்புட்டுகினுதான் இருக்கேன். எங்க சாமிக்கும் காது கேக்கும், இவங்க சாமிக்கும் காது கேக்கும்" என்பார். கடைசியில் 'ஆமென்' மட்டும் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொல்லிவிடுவார்.

அவர் குளிப்பாட்டுவதைப் பார்க்க வேண்டும். கைகள் அவை பாட்டுக்குச் சோப்பு போடும். கண்கள் எதிர்ச்சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் இருக்கும். உடம்பை ஒருவர் உற்றுப் பார்த்தால் படுத்திருப்பவருக்குக் கூசும் அல்லவா? அதற்காகத்தான். ராசிபலனை உரக்கப் படிப்பார். அவரவர் ராசிக்கு நேராகக் 'கவலை' என்றோ 'நஷ்டம்' என்றோ அச்சாகியிருந்தால், கொஞ்சமும் கூசாமல் 'வரவு' என்று வாசித்துவிடுவார். இப்படி அவர் புண்ணியத்தில் நெய்வேலியில் படுத்த படுக்கையாக இருக்கும் எல்லாருக்கும் வருஷம் முழுக்க நல்ல காலம்தான்.

போகும் வீடுகளில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். நாலு பலாச்சுளை, ஒரு கை முந்திரி, ஒன்றுமில்லாத வீட்டில் ஒரு முழம் கனகாம்பரம். சரிதாவுக்கு இது பிடிக்காது. "ஊழியத்துக்குப் போய்ட்டு கை நீட்டலாமா பாப்பாக்கா?" என்று கேட்டால், "அவங்களும் எதுனா குடுக்கணும்ல? குடுக்காத போனா அவங்களுக்குத் தூக்கம் வராதும்மா" என்று பதில் வரும். நியாயமான பதில் என்றுதான் எனக்கும் படுகிறது.

அந்தத் தூக்கம் வராத இரவுகள் அவருக்குப் பழக்கம். கணவர் கான்ட்ராக்ட் வேலைக்குப் போன இடத்தில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். தேவாலயத்துப் பெண்கள்தான் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அவர் கண்ணை மூடும்வரை வந்தார்கள். காரியம் முடிந்த கையோடு பாப்பா கொட்டகைக்கு வந்து வேலை கேட்டார். "எங்க வூட்டுக்காரரு சுத்தமா, சந்தன வாசனையோட போய்ச் சேந்தாரு. அத மறந்துட்டு நா எப்படி வூட்ல குந்தினு இருப்பேன்?" இதைச் சொல்லும்போது அவர் அழுவதில்லை, முகமெல்லாம் நன்றிதான்.

'தானே' புயல் அடித்துப் போட்ட அடுத்த மாதம், பாப்பா ஒரு பெரிய தப்பு செய்தார்.

நகரியத்தில் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. அதனால் வழி சொல்பவர்கள் மரத்தை வைத்துத்தான் சொல்வார்கள். புயல் அந்த அடையாளங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. "வேப்பமரம் சாஞ்சு கிடக்கும், அந்த வீட்டுப் பின்வாசல்" என்று சரிதா சொல்லி அனுப்பினார். வாடகைக்குப் பின்கட்டில் இருந்த ஒரு நோயாளிப் பெண்ணுக்காக. ஆனால் அந்தத் தெருவில் வேப்பமரம் சாய்ந்து கிடந்த வீடுகள் இரண்டு. பாப்பா முதலில் கண்ணில் பட்ட வீட்டின் கொக்கியை விலக்கினார். வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

உள்ளே கட்டிலில் ஓர் அம்மாள் படுத்திருந்தார். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. உடம்பு துடைக்கப்பட்டுத்தான் இருந்தது. தலைமுடி மட்டும் சிக்கேறி, திரண்டு கயிற்றுப் பந்தாகியிருந்தது. பாப்பாவைப் பார்த்ததும் இடது கையால் தலையை மூடிக்கொண்டார்.

"இன்னாத்துக்கும்மா மறைக்கிற? இது இன்னா பெரிய சிக்கு, எடுத்துரலாம்!"

தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, பாப்பா உட்கார்ந்துவிட்டார். நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறினார்; ஒரு முடியையும் வெட்டவில்லை. வெந்நீரில் குளிப்பாட்டி, தலை துவட்டி, நீளமாகப் பின்னி, மார்புமேல் எடுத்துப் போட்டார். அந்த அம்மாள் பின்னலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

முதல் ஷிப்ட் முடிந்து கணவர் வந்து நின்றது அப்போதுதான். ஜெயராமன், சுரங்கத்தில் பர்மனென்ட்.

"யாரும்மா நீ? யாரைக் கேட்டு உள்ள வந்த?"

பாப்பா அமைப்பின் பெயரைச் சொன்னார். ஜெயராமன் முகம் கறுத்துவிட்டது. "எங்களுக்கு தர்மம் ஒண்ணும் தேவையில்ல. கம்பெனி ஆஸ்பத்திரி இருக்கு, நான் இருக்கேன். மதம் மாத்தவா வந்த?"

"நானே மாறலீங்களே சார்" என்றார் பாப்பா, நெற்றியைத் தொட்டுக் காட்டி. ஜெயராமன் சிரிக்கவில்லை. பின்வாசலைக் கைகாட்டினார்.

சரிதாவுக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். உண்மையில் போக வேண்டிய வீட்டுக்குத் தானே ஓடிப்போய் வேலையை முடித்தார். மறுநாள் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு ஜெயராமன் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார். "தெரியாம நடந்துருச்சு சார், இனிமே வர மாட்டோம்" என்று சரிதா சொல்லிக்கொண்டிருந்தபோது பாப்பாவின் கண் உள்ளே கட்டிலைத் தேடியது. அந்தத் தலை இனி யார் கைக்கு வரும்? ஒரே வாரத்தில் பழையபடி பந்தாகிவிடாதா?

ஜெயராமன் கோபமாக இல்லை. தூங்காத கண்களோடு வாசலில் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை இவளுக்கு மொட்டையடிக்க ஆள் சொல்லியிருந்தேங்க. எனக்கு சமைக்க வருது, துணி மாத்த வருது. இந்தத் தலைமுடி மட்டும் வரல. இழுத்தா அழுறா. அழுதான்னா எனக்குக் கை ஓட மாட்டேங்குது." பாப்பா பக்கம் திரும்பினார். "நேத்து நீங்க போனதுலேருந்து அமிர்தம் அந்தப் பின்னலைக் கையில புடிச்சவ விடவே இல்ல. ராத்திரி தூக்கத்துலகூட விடல. உங்களை அப்படிப் பேசிட்டேன். நீங்க செஞ்சது... ரொம்ப நன்றிம்மா. வாரத்துல ஒரு நாள் வர முடியுமா?"

அமைப்பின் விதிப்படி, ஆளில்லாத வீடுகளுக்குத்தான் போக வேண்டும். சரிதா யோசிப்பதற்குள் பாப்பா உள்ளே போய்விட்டார்.

அமிர்தம் பின்னலை மார்போடு அணைத்தபடி படுத்திருந்தார். பாப்பாவைக் கண்டதும் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. பாப்பா கட்டிலோரம் உட்கார்ந்து, மெதுவாக அந்தப் பிடியை விலக்கி, பின்னலைப் பிரித்து, பையிலிருந்து சீப்பை எடுத்தார். அமிர்தம் இடது கையால் அந்தச் சீப்பைப் பறித்தார். நிலைப்படியில் தயங்கி நின்ற கணவரை நோக்கி நீட்டினார். நீட்டிய கையை இறக்கவில்லை.

ஜெயராமன் வந்தார். சீப்பை வாங்கினார். மண்வெட்டியைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்து, உச்சந்தலையில் வைத்து இழுத்தார். அமிர்தம் முகத்தைச் சுளித்தார். ஜெயராமன் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

பாப்பா எழுந்து அவருக்கு இடம் விட்டார். பிறகு, கூச்சமெல்லாம் பார்க்காமல், ஜெயராமனின் மணிக்கட்டைப் பிடித்து, சீப்போடு கீழே கொண்டுவந்து முடியின் நுனியில் வைத்தார்.