கொசுறாகப் போன நீல ரவுடி

தொட்டியில் வளர்க்கும் கடல் மீன் வியாபாரத்தில் மீனை விற்பது சுலபம். விற்ற மீன்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்கும் கடைக்காரன்தான் பொறுப்பு என்று வாங்கியவர்கள் நினைப்பார்களே, அதுதான் கஷ்டம்.

கிட்டத்தில் கடலே இல்லாத மைசூரில், தேவராஜ மொஹல்லாவில் என் கடை. அங்கே இருக்கும் மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, ஏமாந்து, திட்டு வாங்கி, பேரம் கற்றவன் நான். வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். வீட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து, பாறையும் பவளமும் அடுக்கி, மன நிம்மதிக்காக வாங்கிவிட்ட மீன்கள் நாள் முழுக்க அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும் அன்பர்களே, நீங்கள் தனி ஆள் இல்லை.

கறிவேப்பிலைக் கணக்கு

சரோஜாக்கா குவெம்பு நகரில் தையல் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் கொள்ளேகால், எனக்குப் பக்கத்திலேயே ஹனூர். அதனால் மற்றவர்களிடம் கேட்கும் விலையை அவரிடம் கேட்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வீட்டுத் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீனும், ஒரு ஃபயர் ஃபிஷ்ஷும் இருந்தன. ஃபயர் ஃபிஷ்ஷுக்கு முன்பாதி வெள்ளை, பின்பாதி நெருப்புச் சிவப்பு, முதுகில் குடுமி போல ஒரு துடுப்பு. ஆள் அசைந்தால் பொந்துக்குள் ஓடிவிடும். அந்தக் கூச்சத்தைப் பார்த்து அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ராஜேந்திரனுக்கு நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை. அதிகம் பேசாதவர். அவர் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தால் மட்டும் மாப்பிள்ளை வெளியே வந்து அவர் விரல் நுனியிலிருந்து தீனி எடுக்கும்.

அன்றைக்கு அக்கா காய்கறிக் கூடையோடு கடைக்கு வந்து ஒரு பவளத் துண்டு எடுத்தார். பேரம் முடிந்தது என்று நான் நினைத்தபோதுதான் ஆரம்பித்தார். “காய்காரம்மாவே கறிவேப்பிலை கொசுறு போட்டாங்க. நீ என்ன போடற?” மீன் கடையில் ஏதக்கா கொசுறு என்றேன். ஒரு தொட்டியைக் காட்டினார். “யாரும் வாங்காம சுத்துதே அந்த நீலக் குட்டி, அதப் போடு.” அது டாம்செல். கையளவு இடம் கிடைத்தாலும் கடலையே பட்டா போட்டுக்கொள்ளும் ஜாதி. “அக்கா, அது ரவுடி, வேண்டாம். பேடாக்கா!” என்று இரண்டு பாஷையிலும் சொல்லிப் பார்த்தேன். அவர் நகரவில்லை. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வலையைப் போட்டு அள்ளி, கவரில் கட்டி, கூடையில் கொத்தமல்லிக்கு மேலே வைத்துவிட்டேன். அக்கா கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சுண்டு விரல் நீளம் இல்ல, இதப் போய் ரவுடிங்கறியே, நீ மொதல்ல கண்ணாடியப் பாரு தம்பி.”

வீட்டு ஓனர்

ஒரு வாரம் ஆகவில்லை, போன் வந்துவிட்டது. நீலக் குட்டி நடுப்பாறைக் குகையைப் பிடித்துக்கொண்டு, பிறகு முழுத் தொட்டியையும் எழுதி வாங்கிவிட்டது. கோமாளிகள் பம்ப் மூலையில் ஒண்டியிருந்தன. மாப்பிள்ளை குழாய்க்குப் பின்னால், தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில், கிழிந்த துடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. தீனி எடுக்கவில்லை. பயந்துபோன ஃபயர் ஃபிஷ் துள்ளி வெளியே விழும். விழுந்தால் தரையிலேயே காய்ந்துவிடும். அதனால் ராஜேந்திரன் தொட்டியின் மேல் கொசுவலை கட்டிவிட்டு அதன் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

என் கடையில் தொட்டி கழுவும் மஞ்சுவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கொரு வலை. தோள் வரை கையை விட்டுத் துழாவினோம். அது ஒரு சந்தில் நுழைந்து இன்னொன்றில் எட்டிப் பார்த்தது. ஒரு தடவை என் விரலைக் கடித்தே விட்டது. நான் தொட்டிக்குள் தலையை நீட்டித் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மஞ்சு வலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்: “அண்ணா, இது மீனு அல்ல, சைட் ஓனரு. நாமதான் ஒத்துவரி.” சைட் என்றால் இங்கே வீட்டு மனை, ஒத்துவரி என்றால் கன்னடத்தில் ஆக்கிரமிப்பு.

வாஸ்து

இடம் தன்னுடையது என்ற நினைப்பு இருப்பதால்தான் சண்டை. பாறைகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினால் எல்லா மீனும் புதுக்குடித்தனம். யாருக்கும் பட்டா கிடையாது. இது தொழிலில் உள்ள வழிதான். மஞ்சுவும் நானும் கல் கல்லாக எடுத்து அடுக்க ஆரம்பித்தோம். அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கல் ஈசானிய மூலையில் வேண்டாம், இந்தக் குகை வாசல் தெற்குப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபம் சொன்னார். மீனுக்கு எதுக்கு வாஸ்து என்று கத்தினேன். தொட்டி எங்க வீட்டுக்குள்ளதானே இருக்குது என்றார். அவர் சொன்ன மாதிரியே அடுக்கினோம்.

அன்று சாயங்காலம் ஒரே அமைதி. எல்லா மீனும் முழித்துக்கொண்டு திரிந்தன. ஜெயித்துவிட்டேன் என்று கடைக்கு வந்து மஞ்சுவுக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். காலையில் அக்கா போன்: “நல்லாவே கட்டிக் குடுத்திருக்க தம்பி. மொதல்ல அதுக்கு ஒரு ரூம்தான் இருந்துச்சு, இப்ப ரெண்டு ரூமும் ஒரு ஹாலும்.”

ட்ரையல் ரூம் கண்ணாடி

அடுத்த வழி, தொட்டியின் வெளிப்பக்கம் கண்ணாடி ஒட்டுவது. ரவுடி தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து அதோடு மல்லுக்கட்டும், மற்றவை பிழைக்கும். தையல் கடையின் ட்ரையல் ரூமிலிருந்து ஒரு கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து ஒட்டினோம். வேலை செய்தது! நீலக் குட்டி கண்ணாடி முன்னாலேயே குடியிருந்து முட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை குழாயை விட்டுப் பாதி உடம்பு வெளியே வந்தது.

மறுபடி போனபோது கண்ணாடியைக் காணோம், மாப்பிள்ளை பழையபடி குழாய்க்குப் பின்னால். யார் எடுத்தது என்று நான் குதித்தேன். அக்கா நிதானமாக ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: “பாவமா இருக்குது தம்பி, வாயெல்லாம் தேயத் தேய முட்டுது. அது மட்டுமில்ல, ஜாக்கெட் போட்டுப் பாக்க வர்றவங்கள நான் தொட்டி முன்னால கூட்டிட்டா வர முடியும்?”

வாய் திறந்தவர்

ராஜேந்திரன் கடைக்கு வந்ததே இல்லை. அன்றைக்கு வந்தார். ஃபேக்டரி சட்டையைக்கூட மாற்றவில்லை. பேரத்துக்கு வந்தவர் இல்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. டீ சொன்னேன், வேண்டாம் என்றார். “மாப்பிள்ளை வயிறு ஒட்டிப் போச்சுங்க. என் கையில இருந்தும் வாங்க மாட்டேங்குது. அது போச்சுன்னா நான் தொட்டியவே எடுத்துருவேன்.”

சோடா பாட்டில்

பெரிய சோடா பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் மாதிரி ஆகும். உள்ளே போன மீனுக்கு வெளியே வரும் வழி தெரியாது. இறால் துண்டைப் போட்டு அக்கா வீட்டுத் தொட்டியில் இறக்கினேன். முதலில் போய் மாட்டியது பெண் கோமாளி. விடுவித்தேன். அடுத்து ஆண் கோமாளி, பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு. நீலக் குட்டியோ பாட்டிலைச் சுற்றி வந்து, வாசலில் நின்று, உள்ளே மட்டும் போகவில்லை. தீனிக்கு மசிகிற ஆள் இல்லை அது.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அக்கா, “ஏன் தம்பி, மூஞ்சி இப்படிச் செவந்து போச்சு?” என்று கேட்டு, கிண்டலாகத் தன் பவுடர் டப்பாக் கண்ணாடியை என் முன்னால் நீட்டினார். பார்த்தேன். பார்த்ததும் வழி பிடிபட்டது. என்னை யாராவது இப்படி முறைத்தால் நான் தீனிக்கா போவேன்? நேராக மோதத்தானே போவேன்! கண்ணாடியைப் பிடுங்கி, பாட்டிலின் அடிப்பக்கம் உள்நோக்கி வைத்து மறுபடி இறக்கினேன். நீலக் குட்டி வாசலில் நின்று பார்த்தது. உள்ளே இன்னொரு நீலக் குட்டி. ஒரே பாய்ச்சல்! எதிரியை முட்டிக்கொண்டே இருந்தது. பாட்டிலைத் தூக்கியதுகூட அதற்குத் தெரியவில்லை. அக்கா கைதட்டினார்: “அப்படியே நீதான் தம்பி! மூஞ்சியப் பார்த்தாப் போதும், சண்டைக்குப் போயிரும்.”

திரும்பி வந்த கொசுறு

பாட்டிலோடு கிளம்பினேன். அக்கா வாசலை மறித்தார். கொசுறாகக் கொடுத்ததைத் திருப்பி எடுத்துப்போக எந்த ஊரில் வழக்கம் என்றார். அடித்துக் கொன்றுகொண்டிருந்த மீனை அழைத்துப்போவதே உபகாரம் என்றேன். கடையில் ஒரு சிவப்பு இறால் இருக்கிறதே, மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யுமே, பதிலுக்கு அதைக் கொடு என்றார். அது என்ன விலை தெரியுமா என்று நான் குரலை உயர்த்த, அவர் அதற்கு மேல் உயர்த்த, தெருவே எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தொட்டிப் பக்கமிருந்து ‘உஸ்’ என்று சத்தம் வந்தது. ராஜேந்திரன் கொசுவலையை விலக்கிக் கையைத் தண்ணீரில் விட்டிருந்தார். குழாய்க்குப் பின்னாலிருந்து வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. குடுமி இரண்டு தடவை ஆடியது. அப்புறம் மெதுவாக நீந்தி வந்து, விரல் நுனியிலிருந்து ஒரு துணுக்கைப் பறித்துக்கொண்டு, ஓடாமல் அங்கேயே நின்றது. ராஜேந்திரன் எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க, மாப்பிள்ளை சாப்பிடறாரு.”

நீலக் குட்டி இப்போது என் கல்லாப் பக்கத்தில் தனித் தொட்டியில் ராஜாவாக இருந்துகொண்டு, விலை குறைக்கச் சொல்லி விரலை நீட்டும் ஒவ்வொருவரையும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முட்டுவதால், சிவப்பு இறாலைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு வந்த அந்தப் பேரத்தில் நான் தோற்கவில்லை என்றே சொல்லிக்கொள்கிறேன்.