தும்மலால் போர் வென்ற முப்பாட்டன்

பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தால் செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போர் நடக்கும். நான், மனைவி, அவளுடைய அண்ணன், வெல்லாவெளியிலிருந்து வரும் என் அக்கா. நான்கு வளர்ந்த எருமைகள் ஒரு பகடையை வைத்துக்கொண்டு, வாவிக்கு அடியில் இருப்பதாக நான் கட்டிவிட்ட ஓர் இராச்சியத்தைக் காப்பாற்றுவோம். எதிரி ஏழு தலை முதலை. விதி லேசானது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீர மூதாதை உண்டு, அவருடைய வல்லமை வாரிசுக்கு வரும். ஆறு விழுந்தால் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் நடித்துக் காட்ட வேண்டும்.

மற்றவர்களின் மூதாதையர் வாள் சுழற்றினார்கள், நெருப்புத் துப்பினார்கள். என் முப்பாட்டன் தும்முவார். ஒரு தும்மலுக்கு ஒரு படை பறக்கும். இது வெறும் கற்பனை அல்ல. காலமாகிவிட்ட என் அப்பா தும்மினால் வாவிக்கரைக் கொக்குகள் எழும்பிவிடும், தோணியில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வாய்த்ததோ பூனைத் தும்மல். அப்பாவிடமிருந்து அந்த ஒன்றாவது எனக்கு வேண்டும், விளையாட்டில் என்றாலும் பரவாயில்லை என்று ஆசைப்பட்டேன். அதனால் வீரனை அப்பாவின் குடியில் பிறக்க வைத்தேன்.

போன போயாவன்று முதலைக்கு ஒரே ஒரு தலைதான் மிச்சம். எனக்கு ஆறு விழுந்தது. எழுந்து நின்று மூக்கைச் சுருக்கினேன்.

"நில்லு தம்பி," என்றாள் அக்கா. "அப்பாட குடி நமக்கு எப்பிடி வரும்? நாம அம்மாட குடி தானே."

எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாகத்தான் இறங்கும். கோயில் திருவிழாவில் யாருக்கு என்ன முறை என்பதே அதை வைத்துத்தான். இது தெரிந்தும் ஒரு பரம்பரையையே பிழையாகப் படைத்திருக்கிறேன். அதைவிட மோசம், நான் கட்டியது மாமி மகளை. அப்பாவின் சொந்தத் தங்கை பெற்றவள். அப்பாவின் குடி அவளுக்கும் அவள் அண்ணனுக்கும்தான்.

"அப்ப வீரன் எங்கட ஆள்!" என்று மச்சான் மேசையில் அடித்தான்.

"கற்பனைக்கு என்ன குடி?" என்று கத்தினேன்.

"எங்கட குடியில பிறக்க வெச்சது நீ தானே மச்சான்," என்றான் அவன்.

வீடு மனைவியின் சீதனம். வளவுத் தென்னைகளும் அவளுடையவை. இப்போது என் முப்பாட்டனும் போய்விட்டார். தலை நரைத்த எனக்கு உண்மையாகவே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆறு விழுந்தது விழுந்ததுதான், தும்மலை மட்டும் வாரிசு தும்ம வேண்டும் என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். மச்சான் நெஞ்சை நிமிர்த்தித் தும்மினான். சோடாப் போத்தலைத் திறந்த அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை. முதலை கெக்கட்டமிட்டுச் சிரித்தது. முதலைக்குக் குரல் கொடுப்பது அக்கா.

மனைவி குசினிக்குப் போய் மிளகாய்த்தூள் போத்தலோடு வந்தாள். மூடியைத் திறந்து ஆழமாக முகர்ந்தாள்.

"இஞ்சாருங்க, காதப் பொத்துங்க," என்றாள்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளுக்குத் தும்மல் வரும் முகம் தெரிந்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறவன் நான். அன்று அவள் மீதிருந்த கோபத்தில் பொத்தவில்லை.

தும்மினாள். பகடை மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. வளவில் கோழிகள் குளறின. யன்னலுக்கு அப்பால் வாவிக்கரையில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. அக்கா தான் முதலை என்பதையே மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக.

மச்சான் முதலை செத்துப் போயிற்று என்று கையைத் தட்டிக்கொண்டு ஆடினான். இத்தனை வருடமாக அப்பா என் வீட்டுக்குள்ளேயே தும்மிக்கொண்டிருந்திருக்கிறார்.

மிளகாய்த்தூள் போத்தலை மெல்ல அவள் பக்கம் தள்ளினேன்.

"முதலைக்கு இன்னும் உயிர் கிடக்கு," என்றேன். "இன்னொருக்காத் தும்மு."