பேனாட்டின் பியரும் மூன்று பொய்யரும்

பேனாட் தன் கையால் காய்ச்சிய பியரை முதன்முதலாக எங்களுக்குத் தந்த சனிக்கிழமை, தியாகண்ணை போத்தலை வாங்கி, இருமல் மருந்தைக் குலுக்குவது போல நன்றாகக் குலுக்கிவிட்டுத் திறந்தார். அடியில் மண்டி கிடக்கிறதே, சத்தெல்லாம் அதில்தானே இருக்கும் என்பது அவருடைய நினைப்பு. பிறகென்ன, கூரைவரை நுரை. சீட்டுக்கட்டு நனைந்தது, கிறகரியின் மூக்குக்கண்ணாடி நனைந்தது. பேனாட்டின் மனைவி அஞ்சலீனா மேலிருந்து, "என்னப்பா அங்க வெடிச்சது?" என்று கத்தினாள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பேனாட் மட்டும் சிரிக்காமல் துணியை எடுத்துத் துடைத்தான்.

"அண்ணை, இது குலுக்கிற சாமான் இல்லை. மெல்லமாச் சரிச்சு ஊத்தி, கடைசி ரெண்டு விரலைப் போத்தலுக்குள்ளயே விடவேணும். கீழ கிடக்கிறது ஈஸ்ற்."

"குடிக்கேலாத சாமானை ஏனடா உள்ளுக்கு விட்டனீ?" என்றார் தியாகண்ணை.

நாங்கள் நாலு பேரும் முப்பது வருடக் கூட்டாளிகள். பேனாட் மன்னார்ப் பேசாலைக்காரன். கியூபெக்கின் இந்த நகரத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அவனும் நானும் ஒரே அறையில் ஒரே கம்பளியைப் பங்குபோட்டுப் படுத்தவர்கள். பிறகு அவன் செயின்ட்-மிஷேலில், வெள்ளரிக்காய் ஊறுகாய் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்துநாலு வருடம் வேலை செய்து, பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கினான். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு அந்த வீட்டு பேஸ்மென்றில் கூடுவோம். முந்நூற்றிநாலு சீட்டு விளையாடுவோம், கத்துவோம், சண்டை பிடிப்போம். எனக்கு மெற்றோவும் பஸ்ஸுமாக ஒன்றரை மணித்தியாலப் பயணம். வழியில் டெப்பனர் என்கிற மூலைக்கடைக்குள் நுழைந்து இருபத்துநாலு போத்தல் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவது கிறகரியின் வேலை. அந்த ஒரே பியரைத்தான் நாங்கள் முப்பது வருடமாகக் குடித்தோம். குளிராக இருந்தால் போதும், ருசியை எவன் பார்த்தான்?

வேலையை விட்டு நின்ற பிறகுதான் பேனாட்டுக்கு இந்தக் காய்ச்சுகிற கிறுக்குப் பிடித்தது. பெரிய கிடாரம் ஒன்று வாங்கினான். பார்லியை ஊறவைத்து, கொதிக்க வைத்து, கசப்புப் பூவைப் போட்டு, ஆறவைத்து, ஈஸ்ற்றைத் தூவி, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பது போல இரண்டு கிழமை அதைச் சுற்றிச் சுற்றி வருவான். பேந்து போத்தலில் அடைத்து இன்னும் இரண்டு கிழமை. அத்தனையும் யாருக்கு? எங்களுக்கு. அவன் ஒரு கிளாஸுக்கு மேல் குடிக்கமாட்டான்.

நாங்கள் அவனை விட்டோமா? "கஞ்சித்தண்ணி" என்றோம். "மாட்டுக்கு வைக்கலாம்" என்றோம். தியாகண்ணை செவன்அப் கலந்து குடித்தார். என் வாய் எப்போதுமே கொழுத்த வாய், நான்தான் எல்லோரையும்விட மோசம். ஒருமுறை தோடம்பழத் தோலும் கொத்தமல்லியும் போட்டு ஒன்று செய்திருந்தான். உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு பியரை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. கிளாஸை வைத்துவிட்டு நான் என்ன சொன்னேன்? "சளிக்கு நல்லாயிருக்கும்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். "பொறடா. ஒரு சனிக்கிழமைக்காவது உங்களைப் பெட்டி இல்லாமல் வரப்பண்ணுறன்," என்றான்.

மூன்று வருடத்துக்கு முன் அவனுக்கு மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் கட்டி வந்தது. முப்பத்தைந்து தரம் ரேடியேஷன் கொடுத்தார்கள். கட்டி கரைந்தது, அதோடு மணமும் ருசியும் போய்விட்டன. "சோறும் சவர்க்காரமும் எனக்கு ஒண்டுதான்" என்று பகிடியாகச் சொல்வான். உடம்பு பாதியாகிவிட்டது. ஆனாலும் காய்ச்சுவதை விடவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் மகா நல்லவர்களாகிவிட்டோம். பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கிறகரியின் கார் டிக்கிக்குள் ஒளித்து வைத்தோம். போன் கதைக்கிற சாட்டில் ஒவ்வொருவராக வெளியே போய் அதிலே குடித்துவிட்டு வருவோம். பேனாட் எதை ஊற்றித் தந்தாலும் "ஆகா" என்போம். வாய்க்கு வந்தபடி ஏசியவர்கள் ஒரே நாளில் புகழ ஆரம்பித்தால் ஒருவனுக்குச் சந்தேகம் வராதா? வந்திருக்கும். கேட்க அவனுக்கு மனம் வரவில்லையோ என்னவோ.

போன வருடம் அவனுடைய மகள் செலீனுக்குக் கலியாணம் சரிவந்தது. பெடியன் கியூபெக்காரன், தகப்பன் பெயர் றெமி. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் வீடு, அந்த ஆளும் வீட்டிலே பியர் காய்ச்சுகிறவர். இதைக் கேட்டதிலிருந்து பேனாட் நிலத்தில் நிற்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு ஃபக்டரிப் பிரெஞ்சு, ஞானம். கெதியா, கவனம், உப்பு, ஊறுகாய்க்கு விடுற வினாகிரி. இதை வச்சுக்கொண்டு சம்பந்தியோட என்னத்தைக் கதைக்கிறது? என்ர கையால ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்தா, நான் ஆரெண்டு அந்தாளுக்கு விளங்கும்."

ஜூன் நடுப்பகுதியில் இரண்டு குடும்பமும் அவன் வீட்டுப் பின்வளவில் சந்திப்பதென்று ஏற்பாடு. ஏப்ரலில் காய்ச்சினான். மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை எங்களுக்கு முன்னால் முதல் போத்தலைத் திறந்தான்.

மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பழுதாகிப் புளித்துப்போன பியர். ஒரு மிடறு உள்ளே போனதும் தொண்டை எரிந்தது. தியாகண்ணை கிறகரியைப் பார்த்தார், கிறகரி என்னைப் பார்த்தான். பேனாட் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியும். மணமும் இல்லை, ருசியும் இல்லை. நீங்கள் சொல்லுறதுதான். ஞானம், நீ சொல்லு. உன்ர வாய் பொல்லாத வாய், அது எனக்கு இண்டைக்கு வேணும்."

கழுத்தெலும்பு தெரிய நின்றவனைப் பார்த்து எப்படியப்பா சொல்வது?

"திறமடா," என்றேன். "இவ்வளவு நாளும் காய்ச்சினதில இதுதான் திறம்."

அவன் முகத்தில் வந்த சந்தோசம் இருக்கிறதே, ஐயோ, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது. அஞ்சலீனாவிடம் சொல்ல மேலே ஓடினான். அவன் படியேறி மறைந்ததும் மூன்று கிளாஸையும் உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்குள் ஊற்றினோம்.

"பாவம், வருத்தக்காரன். வேற என்னத்தைச் சொல்லுறது?" என்றார் தியாகண்ணை.

"சம்பந்திக்குக் குடுக்கப்போறானே, அண்ணை?" என்று கிறகரி கேட்டான்.

"வீட்டுக்கு வாற மனுசர் குடுத்ததைக் குடிச்சிட்டு நல்லாயிருக்கெண்டுதானே சொல்லுவினம். நாங்களும் அப்பிடித்தானே?"

எங்கள் ஆட்களில் ஒருவரும் ஒரு வீட்டுக்குப் போய் அங்கே தந்ததைக் குறை சொன்னதில்லை. உலகமே அப்படித்தான் என்று நம்பிவிட்டோம். மூன்று கிழவர்கள், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு புத்தி இல்லை.

இரண்டு குடும்பமும் சந்தித்த ஜூன் ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். றெமி நல்ல மனுசன், பெரிய கை, பெரிய சிரிப்பு. பேனாட் வெள்ளைச் சேர்ட்டை இஸ்திரி போட்டு உடுத்தி, கிளாஸைச் சரித்துப் பிடித்து, கடைசி இரண்டு விரலைப் போத்தலில் விட்டு, அளவாக நுரை வர ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினான். றெமி வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்த்தார், மணந்து பார்த்தார், ஒரு மிடறு குடித்தார். பிறகு மெல்லக் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, பேனாட்டின் தோளில் கை போட்டு, செலீனிடம் ஏதோ சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை. காய்ச்சுகிறவன் காய்ச்சுகிறவனுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் செலீன் அதைத் தமிழில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அதற்குள் வந்த, வினாகிரிக்கான பிரெஞ்சுச் சொல்லைப் பேனாட் ஊறுகாய்த் தொழிற்சாலையில் இருபத்துநாலு வருடம் கேட்டவன்.

அவன் றெமியைப் பார்க்கவில்லை. வேலிப்பக்கம் கதிரை போட்டு இருந்த எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவுமில்லை. அமைதியாகச் சொன்னான்:

"கிறகரி, உன்ர கார் டிக்கிக்குள்ள இருக்கிற பெட்டியை எடுத்துக்கொண்டு வா. சம்பந்திக்கு விடாய்க்குது."

அவனுக்குப் பெட்டி விஷயம் எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டும் பியர் விஷயத்தில் எங்கள் வாயை நம்பியிருந்தான்.

செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் போனேன். பேனாட் பேஸ்மென்றில் போத்தல் கழுவிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"விடடா," என்றான். "நல்லாயில்லை எண்டு நீ சொல்லியிருந்தா ஊத்திப்போட்டுத் திரும்பக் காய்ச்சியிருப்பன். அதுக்கு நாலு கிழமை காணும். மே மாசம் எனக்கு அந்த நாலு கிழமை இருந்தது."

"இப்பவும் காய்ச்சலாந்தானேடா. கலியாணம் செப்டெம்பரிலதானே. றெமிக்குக் கலியாணத்தண்டைக்குக் குடுப்பம். நானே பக்கத்தில நிண்டு கிண்டித் தாறன்."

அவன் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தான்.

"திரும்பியும் வந்திட்டுது, ஞானம். இந்தமுறை நெஞ்சுக்குள்ள. நேற்றுத்தான் சொன்னவை. கிடாரம் தூக்க இனி ஏலாது. அஞ்சலீனாவுக்கு இன்னும் சொல்லேல்லை."

என் வாய் தானாகத் திறந்தது. ஒன்றுமாகாது, சுகமாகிவிடும் என்று சொல்லத்தான் திறந்தது. அவன் கையைத் தூக்கித் தடுத்தான்.

"வேண்டாம். நீ ஒண்டும் சொல்லாதை."

ஓகஸ்ட் பதினோராம் திகதி பேனாட் இறந்துபோனான். அந்தக் கடைசி எட்டுக் கிழமையும் மெற்றோவும் பஸ்ஸும் மாறி நான் நாள் தவறாமல் போனேன். என்னைக் கண்டால் சிரிப்பான், பக்கத்தில் இருக்கச் சொல்வான், என் கையைப் பிடித்துக்கொள்வான். ஆனால் சாகும்வரை என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.