சாரலுக்கு ஜாடி வைத்தவர்

அச்சன்புதூரில் என் கல்யாணத்துக்கு மைக்செட் போட வந்தவரின் சட்டை முழுக்க ஆசிட் தின்ற ஓட்டைகள். ஊருக்குக் கரண்ட் வராத காலம். முந்தின நாளே பேட்டரி செத்துவிட்டது. சாரலில் பந்தல் நனைகிறதே என்று நாங்கள் தவிக்க, அவர் பேட்டரிக்குத் தண்ணீர் பிடிக்க முற்றத்தில் கண்ணாடி ஜாடியை வைத்துக் காத்திருந்தார்.

“சமையலுக்குக் கொண்டாந்த குத்தாலத்து அருவித் தண்ணி இருக்கே, அண்ணாச்சி?” என்றேன்.

“அது பாறையெல்லாம் தடவி உப்பை அள்ளிட்டு வருது மாப்ள, பேட்டரிக்கு ஆவாது. வானத்துத் தண்ணிதான் சுத்தம்.”

பழைய ஆசிட்டைக் கொட்டிவிட்டு, சாரல் தண்ணீரில் புது ஆசிட்டை மெல்லக் கலந்து ஊற்றினார். பாத்திரம் ஏற்றி வந்த லாரியில் மாட்டி சார்ஜ் ஏற்றினார். “ஏலே, நாளைக்கு மட்டும் பாடிருலே” என்று பேட்டரியைத் தட்டிக்கொடுத்தார்.

பாடியது. நான் தாலி கட்டும்போது சாரல் நின்றது. பந்தலே சிரித்தது. அவர் மட்டும், அடுத்த கல்யாணத்துக்கென்று வைத்த ஜாடி பாதிகூட நிறையாமல், வானத்தைப் பார்த்து நின்றார். அன்று வாடியிருந்த அந்த ஒரே முகம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.